எங்களைக் கேட்காமல் எங்கள் மண்ணைத் தொடாதே!



2017 பிப்ரவரி 15 அன்று டெல்லியில் மத்திய அமைச்சரவை கூடி, நாட்டில் 31 இடங்களில் ஹைட்ரோகார்பன் எடுக்க ஒப்புதல் கொடுத்தது. அதில் ஒன்று நம்ம நெடுவாசல். ஒப்புதல் கொடுக்குமுன் ஊருக்கு வந்து ஒரு வார்த்தை கேட்டார்களா? இல்லை. மறுநாளே ஜனம் திரண்டது. வடகாடும் நல்லாண்டார்கொல்லையும் சேர்ந்துகொண்டன. இரண்டாம் கட்டப் போராட்டம் மட்டும் 174 நாள். திட்டம் அங்கே நடக்கவில்லை.

அதில் அரசு கற்ற பாடம் என்ன? "ஜனங்களை முன்கூட்டியே கேட்போம்" என்பதா? இல்லை. "இனிமேல் கேட்கவே வேண்டாம்" என்பதுதான்!

2020 ஜனவரி 16 அன்று மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் ஒரு திருத்தம் போட்டது. எண்ணெய், எரிவாயு தேடிக் கிணறு தோண்டும் திட்டங்களை, தரையிலானாலும் கடலிலானாலும், 'பி2' என்ற பட்டியலுக்கு இறக்கியது. அந்தப் பட்டியலுக்குப் போனால் சுற்றுச்சூழல் தாக்க அறிக்கையும் வேண்டாம், கருத்துக்கேட்புக் கூட்டமும் வேண்டாம்.

விளைவைப் பாருங்கள். 2025ல் பக்கத்து இராமநாதபுரம் மாவட்டத்தில் 20 சோதனைக் கிணறு தோண்ட ஓஎன்ஜிசிக்கு அனுமதி கொடுக்கப்பட்டது. கொடுத்தது மாநில அளவிலான ஆணையம். விஷயம் வெளியே வந்து எதிர்ப்புக் கிளம்பிய பிறகு, அதைத் திரும்பப் பெறும்படி மாநில அரசே சொல்ல வேண்டி வந்தது. முதலிலேயே கேட்டிருந்தால் இந்தக் கூத்து எதற்கு?

"நாம்தான் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலத்தில் இருக்கிறோமே" என்று சிலர் நினைக்கலாம். 2020 சட்டத்தில் அறந்தாங்கி, ஆவுடையார்கோவில், மணமேல்குடி, திருவரங்குளம், கறம்பக்குடி ஒன்றியங்கள் இருப்பது உண்மை. ஆனால் அதே சட்டம் துறைமுகம், குழாய்ப்பாதை, சாலை போன்றவற்றுக்கு விலக்குக் கொடுத்திருக்கிறது. முன்வாசலைப் பூட்டி, கொல்லைக் கதவைத் திறந்து வைத்த கதை இது!

குழாய் வந்தால் என்ன ஆகும்? 1962ஆம் வருட குழாய்ப்பாதைச் சட்டப்படி நிலம் நம் பேரில்தான் இருக்கும். பட்டாவும் இருக்கும். ஆனால் குழாய் போகும் பட்டையில் வீடு கட்டக்கூடாது, கிணறு வெட்டக்கூடாது, மரம் வைக்கக்கூடாது. அந்தப் பயன்பாட்டு உரிமைக்குச் சட்டம் சொல்லும் ஈடு சந்தை மதிப்பில் நூற்றுக்குப் பத்து. ஆட்சேபணை சொல்ல 21 நாள். கஜா புயலில் சாய்ந்த தென்னைக்குப் பதிலாக நட்ட பிள்ளை இப்போதுதான் தலை தூக்குகிறது. அதை வெட்டச் சொன்னால் அந்தப் பத்துப் பங்கு எத்தனை வருஷக் காய்ப்புக்கு ஈடாகும்?

"நாட்டுக்கு எரிவாயு வேண்டாமா?" என்று கேட்கிறார்கள். வேண்டும். நம்ம வீட்டு அடுப்பும் சிலிண்டரில்தான் எரிகிறது. எந்த வழியாக, எவ்வளவு ஆழத்தில், கசிந்தால் யார் பொறுப்பு, நிலத்தடி நீருக்கு என்ன ஆகும் என்று சொல்லிவிட்டு வா என்கிறோம். இது தப்பா?

கனடாவில் வான்கூவர் தீவுக்குக் கடலடியில் எரிவாயுக் குழாய் போட வந்தார்கள். வழியிலுள்ள தீவு மக்கள் பொது விசாரணை கேட்டார்கள். விசாரணை நடந்தது. 2003ல் குழு அனுமதிதான் கொடுத்தது. ஆனாலும் கணக்கையெல்லாம் ஊரறிய வைக்க வேண்டியிருந்தது. 2004ல் மின்சார நிறுவனமே திட்டத்தைக் கைவிட்டது.

நம்ம நாட்டிலும் 2006 அறிவிக்கையில் அந்த வழி இருக்கிறது. 30 நாள் முன்னறிவிப்பு, தாய்மொழியில் சுருக்க அறிக்கை, கலெக்டர் தலைமையில் கூட்டம், பேசியதை எழுதி மக்கள் முன் வாசித்துக் காட்டுதல். புதிதாக எதுவும் கேட்கவில்லை. பறித்ததைத் திருப்பிக் கொடு என்கிறோம்!

நமது கோரிக்கைகள்:

* 2020 ஜனவரி திருத்தத்தை மத்திய அரசு ரத்து செய்ய வேண்டும்.
* விளைநிலத்திலும் கடலடியிலும் போகும் எந்தக் குழாய்க்கும் கருத்துக்கேட்புக் கூட்டம் கட்டாயமாக்க வேண்டும்.
* வேளாண் மண்டலச் சட்டத்தில் குழாய்ப்பாதை விலக்கை மாநில அரசு நீக்க வேண்டும்.
* ஜெகதாப்பட்டினம், கோட்டைப்பட்டினம் மீனவர்களையும் விவசாயிகளைப் போலவே கேட்க வேண்டும்.

அடுத்த கிராம சபையில் இந்த நான்கையும் தீர்மானமாக எழுதச் சொல்லுங்கள். எழுதி முடித்து, வாசிக்கச் சொல்லிக் கேட்ட பிறகே கையெழுத்துப் போடுங்கள். நகலை வாங்கிச் சங்கத்தில் சேருங்கள். கலெக்டரிடம் ஒன்றாகவே கொண்டு போவோம்.

நிலமும் நமது! நீரும் நமது! கேட்கும் உரிமையும் நமது!

இவண்,
செயலாளர்,
விவசாயிகள் சங்கம், புதுக்கோட்டை மாவட்டம்