அஞ்சல்தலையில் ஓர் அரிச்சுவடி



ஜெர்மன் மொழியைக் கற்க வழியுண்டா என்று கேட்போர் இப்பொழுது நம் சாமல்பட்டிப் பக்கத்திலும் பெருகி வருகின்றனர். செவிலியர் படிப்பை முடித்த பெண்மக்களும், ஓசூர்த் தொழிற்சாலைகளில் வேலை பழகும் இளைஞரும் அவர்களுள் அடங்குவர். பெங்களூரிலும் சென்னையிலும் மாக்ஸ் முல்லர் பவன் இம்மொழியைக் கற்பிக்கின்றது. ஆயின் அதன் கட்டணம் எல்லார்க்கும் எட்டுவதன்று. பணம் சேரும்வரை கைகட்டி இராமல், பழைய பொழுதுபோக்கு ஒன்றைக் கைக்கொள்ளுங்கள் என்பேன். அஞ்சல்தலை சேகரிப்பே அது.

நம் பங்குகள் பலவற்றின் பழைய கோப்புகளில் ஆகன் நகரத்து உறைகள் கிடக்கும். ஜெர்மன் ஆயர்கள் 1958-இல் நிறுவிய மிசரேயோர் என்னும் உதவி நிறுவனத்தின் தலைமையகம் அங்கேதான் உள்ளது. முதற்பாடம் அவ்வூரின் பெயரிலேயே தொடங்குகிறது. ஆங்கிலம் படித்தவர் அதனை 'ஆச்சென்' என்று வாசிப்பர். அது பிழை. 'பகல்', 'அகம்' என்னும் சொற்களின் நடுவே நிற்கும் ககரத்தை நாம் மென்மையாக ஒலிக்கிறோம் அன்றோ? அதனையே தொண்டையில் சற்று உரசி, மூச்சாக வெளியிட்டால் ஆகன் வந்துவிடும். ஆங்கிலேயர் திணறும் இடத்தில் தமிழ்ப் பிள்ளை எளிதில் தேறிவிடும்.

அஞ்சல்தலைக்கு அம்மொழியில் 'ப்ரீஃப்மார்க்க' என்று பெயர். ப்ரீஃப் என்றால் கடிதம். மார்க்க என்றால் குறி. இரு சொற்களை ஒட்டி ஒன்றாக்குவது நமக்குப் புதிதா என்ன? 1840-இல் இங்கிலாந்து அரசியின் தலையோடு முதல் அஞ்சல்தலை வெளிவந்தது. நாம் தபாலையும் தலையையும் ஒட்டித் தபால்தலை என்றோம். நீண்ட ஜெர்மன் சொல்லைக் கண்டு மிரளாமல், ஒட்டிய இடத்தைத் தேடிப் பிரிப்பதே உபாயம்.

அடுத்து, 1983-இல் மேற்கு ஜெர்மனி வெளியிட்ட தலை ஒன்றைக் காண்போம். அதில் உள்ளவர் நாம் எடித் ஸ்டெயின் என்று வழங்கும் புனிதை. ஜெர்மானியர் 'ஷ்டைன்' என்பர். சொல்லின் முதலில் 'எஸ்', 'டி' என்னும் இரண்டெழுத்தும் சேர்ந்து வந்தால் 'ஷ்ட்' என ஒலிக்கும். 'இ', 'ஐ' என்னும் எழுத்துகள் இணைந்தால் நம் ஐகாரம் போல் ஒலிக்கும். ஷ்டைன் என்பதற்குக் கல் என்று பொருள். கிரானைட் வெட்டும் நம் மாவட்டத்தாருக்கு இச்சொல் மறக்குமோ? யூதக் குலத்தில் பிறந்து கார்மேல் துறவியான இவர், 1942-இல் அவுஷ்விட்ஸ் முகாமில் கொல்லப்பட்டார். 1998-இல் புனிதராக உயர்த்தப்பட்டார். அதே முகாமில் 1941-இல் பிறிதொருவனுக்காகத் தம் உயிரை ஈந்த போலந்துக் குரு மாக்சிமிலியன் கோல்பேக்கும் 1973-இல் மேற்கு ஜெர்மனி ஒரு தலை வெளியிட்டது. அன்றைய ஜெர்மன் அரசு கொன்றவர்களின் முகத்தைப் பின்வந்த ஜெர்மன் அரசு தன் கடிதங்களில் ஒட்டி உலகெங்கும் அனுப்பியது. இலக்கணம் கற்கும் பிள்ளை இதனையும் அறிந்துகொள்ளட்டும்.

எண்களைக் கற்க 1923-ஆம் ஆண்டின் தலைகளை விஞ்சியவை இல்லை. அவ்வாண்டு அந்நாட்டுப் பணம் மதிப்பிழந்து, வாரத்துக்கு வாரம் அஞ்சல் கட்டணம் ஏறியது. பழைய தலைகளின்மேல் புதிய விலையை அச்சிட்டனர். டௌஸன்ட் என்பது ஆயிரம்; மில்லியோன் பத்து இலட்சம்; மில்லியார்ட நூறு கோடி. இறுதியில் 50 மில்லியார்டன் மார்க், அதாவது 5,000 கோடி மார்க் விலையுள்ள தலையும் வந்தது! நவம்பரில் ஓர் அமெரிக்க டாலருக்கு 4.2 இலட்சம் கோடி மார்க் என்னும் நிலை. வாழ்நாள் சேமிப்பு ஒரு தபால்தலைக்கும் போதாமற் போன குடும்பங்களை எண்ணிப் பாருங்கள்.

1949-இல் 'ஹெல்ஃபர் டேர் மென்ஷ்ஹைட்' என்னும் தொகுதி வெளிவந்தது. மனிதகுலத்தின் உதவியாளர் என்பது பொருள். மென்ஷ் என்றால் மனிதர். இதிலுள்ள 'ஷ்' போஷ் என்னும் தொழிற்சாலைப் பெயரின் இறுதியில் நாம் கேட்பதே. அத்தொகுதியில் ஏழைகளின் அன்னையாம் புனித எலிசபெத்தின் தலைக்கு விலை 8 + 2. முன்னது அஞ்சலுக்கு, பின்னது எளியோர்க்கு. கூட்டல் குறியிட்ட இத்தகைய தலைகள் இன்றும் வருகின்றன. அவற்றின் வருவாயில் காரித்தாசுக்கும் பங்குண்டு.

இனி ஓர் எச்சரிக்கை. அங்கே செவிலியராகப் பணியாற்ற, ஏ1 முதல் சி2 வரையுள்ள ஆறு படிகளில் பொதுவாக பி2 வரை ஏறியாக வேண்டும். அஞ்சல்தலை உங்களை முதற்படியின் வாயிலில் நிறுத்தும். அதற்குமேல் ஆசிரியர் இன்றியமையாதவர். மூன்றே மாதத்தில் மொழியும் வேலையும் சேர்த்துத் தருவதாகக் கூறி முன்பணம் கேட்போரிடம் பெற்றோர் விழிப்பாயிருக்க வேண்டும். ஆயினும் வாயிலில் நிற்பதை இழிவாக எண்ண வேண்டா. 1706-இல் தரங்கம்பாடியில் இறங்கிய சீகன்பால்கு, பள்ளிச் சிறுவரோடு தரையில் அமர்ந்து மணலில் எழுதித் தமிழ் பயின்றார். அவர் லுத்தரன் சபையினர் என்பதற்காக நாம் அவரிடம் பாடம் கேளாதிருக்க வேண்டியதில்லை. ஜெர்மானியர் அவரை 'ட்ஸீகன்பால்க்' என்பர். ட்ஸீக என்றால் ஆடு!

சேகரிக்கத் தொடங்குவோர் ஒரு பக்கத்தில் தலையும், எதிர்ப்பக்கத்தில் சொல், ஒலி, பொருள் மூன்றுமாக ஒரு குறிப்பேடு வைத்துக்கொள்க. ஒலியைக் கைப்பேசியில் கேட்டு உரக்கச் சொல்லிப் பாருங்கள்; வாய் திறவாது எந்த மொழியும் வாராது. கன்னியர் இல்லங்களிலும் பங்கு அலுவலகங்களிலும் பழைய ஜெர்மன் உறைகள் இருப்பின், எரித்துவிடாமல் நம் பிள்ளைகளுக்குக் கொடுத்துதவுங்கள். தலையை மட்டும் கத்தரித்துவிட வேண்டா. முத்திரையில் ஊர்ப் பெயர் இருக்கும். அதுவும் ஒரு சொல்லன்றோ!