சுற்றுலாக் கல்வியும் தமிழ் மாணவரும்

தமிழைச் சிறப்புப் பாடமாகக் கற்கும் மாணவரைக் காண்போர் தவறாது வினவும் வினா ஒன்றுண்டு. "இதனைக் கற்றபின் யாது செய்வீர்?" என்பதே அது. இவ்வினாவிற்கு நம்மவர் பெரும்பாலும் இரண்டே விடைகளை வைத்திருக்கின்றனர். ஒன்று, முதுகலை பயின்று விரிவுரையாளராதல். மற்றொன்று, ஆசிரியப் பயிற்சி பெற்றுப் பள்ளியிற் பணிபுரிதல். இரண்டும் உயர்ந்த தொழில்களே. அவற்றைக் குறைகூறுவது எம் கருத்தன்று. ஆயினும், இவ்விரு வாயில்களன்றித் தமிழ் மாணவர்க்கு வேறு வாயிலே இல்லை என்று கருதுவது பொருந்தாது. மூடிக் கிடப்பதாக நாமே எண்ணிக்கொண்ட வாயில்களுள் ஒன்றைக் குறித்து ஈண்டுச் சில கூற விரும்புகின்றோம். அது பூங்கா, பொழுதுபோக்கு, சுற்றுலா மேலாண்மை என்னும் உயர்கல்வியாம்.

பெயரைக் கேட்ட மாத்திரத்தில் நகைப்போர் உளர். ஊர் சுற்றுதற்கும் ஒரு பட்டமா என்பர். பயணச்சீட்டு வாங்கித் தருவதும் விடுதியில் அறை ஒதுக்குவதுமே இக்கல்வியின் எல்லை என்பது அவர் எண்ணம். உண்மை அஃதன்று. அமெரிக்க நாட்டில் 1872-ஆம் ஆண்டு எல்லோஸ்டோன் என்னும் பெரிய மலைவனப் பகுதி, மக்கள் அனைவர்க்கும் பொதுவாகத் தேசியப் பூங்கா என ஒதுக்கப்பட்டது. இத்தகைய பூங்காக்களைப் பேணுதற்கென்றே 1916-இல் ஓர் அரசுத்துறை அமைந்தது. இடத்தைக் கெடாமற் காத்தலும், காண வருவோர்க்கு அதனால் இன்பம் பயத்தலும் ஆகிய இரு கடமைகளும் அத்துறையிடம் ஒருங்கே ஒப்புவிக்கப்பட்டன. இவ்விரண்டும் எளிதில் ஒன்றோடொன்று இணங்குவன அல்ல. மக்கள் மிகின் இடம் கெடும். இடத்தை முற்றும் அடைப்பின் மக்கள் அதன் அருமையை அறியார். இவற்றிடையே நடுநிலை காண்பதே இக்கல்வியின் உயிர்நிலை. இந்நாளில் அமெரிக்காவிலுள்ள கிளெம்சன் பல்கலைக்கழகத்திலும் வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழகத்திலும் இப்பெயராலேயே துறைகள் உள்ளன. ஓரிடம் எத்துணை மக்களைத் தாங்கும், வருவோரால் உள்ளூரார்க்கு விளையும் நன்மை தீமைகள் யாவை, நெருக்கமான நகரங்களில் சிறுவர்க்கும் முதியோர்க்கும் திறந்தவெளி எங்ஙனம் அமைப்பது என்பன போன்ற வினாக்களே இத்துறையார் ஆராய்வன.

இக்கல்வி நமக்கு எற்றுக்கு எனின், தளியை நோக்குக. கிருஷ்ணகிரி மாவட்டத்தின் மேலெல்லையில், ஓசூருக்குத் தென்மேற்கே, கன்னட நாட்டை ஒட்டி அமைந்துள்ளது அவ்வூர். அதன் தண்ணிய காற்றையும் பசிய மேடுபள்ளங்களையும் கண்ட ஆங்கிலேயர், அதற்குச் 'சிறிய இங்கிலாந்து' என்று பெயரிட்டனர் என்பர். அது வந்து பார்த்துச் சென்றோர் இட்ட பெயர்; ஆங்கு வாழ்வோர் அறிந்த தளி வேறு. தெலுங்கும் கன்னடமும் தமிழும் ஒரே சந்தையில் ஒலிக்கும் எல்லைநிலம் அது. மழைக்காலத்தின் இறுதியில், பன்னேர்கட்டாக் காட்டினின்று புறப்படும் யானைக் கூட்டங்கள் தளி, ஜவளகிரிப் பக்கத்துக் காடுகளின் வழியே ஆண்டுதோறும் வருகின்றன. கேழ்வரகுக் கதிர் முற்றும் காலமும் அவை வருங்காலமும் ஒன்றாயிருத்தலின், உழவர் இரவெல்லாம் கண்விழித்துப் பயிர் காக்கின்றனர். பயிரிழப்பேயன்றி உயிரிழப்பும் நேர்வதுண்டு. மாண்டவை சிலகால் யானைகளாகவும் இருக்கின்றன.

இப்பகுதிக் காடுகளின் அருமை கருதியே தமிழக அரசு 2014-இல் காவேரி வடக்கு வனவுயிர்ச் சரணாலயத்தை ஏறத்தாழ 504 சதுர கிலோமீட்டர்ப் பரப்பில் அமைத்தது. 2022-இல் காவேரி தெற்கு வனவுயிர்ச் சரணாலயம் ஏறத்தாழ 686 சதுர கிலோமீட்டர்ப் பரப்பில் அமைந்தது. ஒருபால் நிலைமை இது. மற்றொருபால், ஓசூர்த் தொழிற்பேட்டையும் பெங்களூர் மாநகரமும் நாள்தோறும் பெருகி வருகின்றன. ஆலைகளில் ஆறு நாள் உழைத்தோர் ஏழாம் நாள் மரநிழலையும் நீர்நிலையையும் தேடி வருவது இயற்கை. அவர் வருகை குற்றமன்று. அவ்வருகைக்கு ஓர் ஒழுங்கு வகுக்கப்படாமையே குற்றம்.

ஒழுங்கின்றி வளர்ந்த சுற்றுலாவின் முடிவு யாதாம் என்பதற்கு நெடுந்தொலைவு சென்று சான்று தேட வேண்டுவதில்லை. நீலகிரியைச் சார்ந்த சீகூர்ப் பீடபூமியில், யானைகள் செல்லும் வழிகளிலே தங்கும் விடுதிகள் பல எழுந்தன. 2010-இல் அரசு அந்நிலத்தை யானை வழித்தடம் என அறிவித்தது. வழக்குத் தொடர்ந்தது. உயர்நீதிமன்றம் 2011-இல் அவ்வறிவிப்பை ஏற்றது. 2020 அக்டோபரில் உச்சநீதிமன்றமும் அதனை உறுதி செய்தது. இடைப்பட்ட பத்தாண்டுகளில் முதலிட்டோர் பொருளும், பணிபுரிந்தோர் பிழைப்பும், விலங்குகளின் வழியும் ஒருங்கே இடருற்றன. உதகையிலும் கொடைக்கானலிலும் ஊர்திகள் அளவிறந்து பெருகியமையால், 2024 மே 7 முதல் மின்னணு அனுமதிச்சீட்டு முறை நீதிமன்ற ஆணையால் நடைமுறைக்கு வந்தது. நோய் முற்றியபின் நீதிமன்றத்தை மருத்துவராக்குவதினும், நோய் வருமுன் அறிஞர் சிலரை அவ்வவ்விடங்களில் வைத்தல் நன்றன்றோ?

அவ்வறிஞராகும் தகுதி தமிழ் கற்றவர்க்கு உண்டா என்பது அடுத்த வினா. உண்டு என்பதே எம் துணிபு. ஆற்றுப்படை என்பதொரு நூல்வகை நமக்குண்டு. பரிசில் பெற்று மீளும் கலைஞன், வழியில் எதிர்ப்பட்ட வேறொரு கலைஞனுக்கு வள்ளலையும் அவனை அடையும் வழியையும் கூறுவதாக அமைவது அது. பத்துப்பாட்டில் ஐந்து பாட்டுக்கள் இவ்வகையின. அவற்றுட் கூத்தராற்றுப்படை எனப்படும் மலைபடுகடாம், செங்கண்மாத்து நன்னனைப் பாடுவது. செங்கண்மா என்பது கிருஷ்ணகிரிக்கு அண்மையிலுள்ள இந்நாளைச் செங்கமேயாம். பன்றிக்கு வைத்த பொறிகளும், தினைப்புனம் காப்போர் யானையை ஓட்ட எறியும் கவண்கல்லும், வழுக்கும் பாறைகளும் அந்நூலில் ஒவ்வொன்றாக எடுத்துரைக்கப்படுகின்றன. இரவில் எங்குத் தங்குவது, எவ்வூரார் எவ்வுணவால் விருந்தோம்புவர் என்பனவும் கூறப்படுகின்றன. காண வருவோனுக்கும், ஆங்கு வாழ்வோர்க்கும், அந்நிலத்து விலங்கிற்கும் இடம் தரும் இந்நூலை, வழிகாட்டும் கலைக்கு ஒரு முன்மாதிரி என்று கொள்ளுதல் தகும். பயிர் காப்போனும் யானையும் எதிர்நிற்கும் தளியின் இடர், இத்துணைப் பழைமை வாய்ந்த இடர் என்பதைத் தமிழ் மாணவன் அறிவான். அவ்வறிவு ஓர் அணிகலனாக நின்றுவிடாது தொழிற்படுதல் வேண்டும்.

இனி, விண்ணப்பிக்கும் முறை குறித்துச் சில கூறுவோம். நம் நாட்டிலேயே கற்க விழைவோர்க்கு, நடுவணரசின் சுற்றுலா அமைச்சகத்தின்கீழ், 1983-இல் தொடங்கப்பெற்ற இந்தியச் சுற்றுலா, பயண மேலாண்மை நிறுவனம் உண்டு. அதன் தலைமையிடம் குவாலியர். நமக்கு அண்மையிலுள்ள கிளை நெல்லூரில் உள்ளது. அங்கு மேலாண்மை முதுகலைப் படிப்பிற்கு எத்துறைப் பட்டதாரியும் விண்ணப்பிக்கலாம். தமிழ்ப் பட்டதாரிக்குத் தடையில்லை. புதுச்சேரிப் பல்கலைக்கழகத்திலும் சுற்றுலாக் கல்விக்கெனத் தனித்துறை உண்டு. அறிவியல் கற்றோர் விலங்கியல்பு ஆராய விரும்பின், 1982-இல் நிறுவப்பெற்ற தேராதூன் வனவுயிர் நிறுவனத்தை நாடலாம்.

அயல்நாடு செல்ல எண்ணுவோர் முதலில் ஒன்றை உசாவியறிதல் வேண்டும். நம் மூன்றாண்டுப் பட்டத்தைத் தங்கள் நான்காண்டுப் பட்டத்திற்கு நிகராகக் கொள்ளாத பல்கலைக்கழகங்கள் அமெரிக்காவில் உண்டு. இதனைக் கேளாமற் கட்டணம் செலுத்துவது வீண் செலவாம். கட்டணமோ பெரிது, நடுத்தரக் குடும்பங்கள் கடன்பட்டே அதனைத் தாங்க இயலும். ஆயினும் பேராசிரியர்க்குத் துணைப்பணி புரிந்து, கட்டணச் சலுகையும் உதவித்தொகையும் பெறும் வழி சில துறைகளில் உண்டு. அவ்வழி இல்லாதவிடத்துப் பெருங்கடன் பட்டுச் செல்வதினும் நெல்லூருக்கோ புதுச்சேரிக்கோ செல்வது அறிவுடைமை என்பது எம் கருத்து. கற்கும் இடத்தின் தொலைவு கல்வியின் ஆழத்திற்கு அளவாகாது.

விண்ணப்பத்தின் உயிர், "யான் ஏன் இதனைக் கற்க விரும்புகின்றேன்" என்று மாணவர் தாமே எழுதும் நோக்கவுரையாம். அயல்நாட்டுப் பல்கலைக்கழகங்கள் பலவும் இதனைக் கேட்கின்றன. இவ்வுரையைப் பணம் பெற்று எழுதித்தரும் தரகர் உளர். நொடிப்பொழுதில் எழுதித்தரும் கணினிப் பொறிகளும் இப்போது வந்துவிட்டன. அவ்வாறு பெற்ற உரைகளில், "சிறுவயது முதலே பயணத்தில் எனக்கு அளவிலா ஆர்வம்" என்பது போன்ற வெற்றுரைகளே மலிந்திருக்கும். அவை பொய்யென்பது ஒருபுறமிருக்க, பயனற்றவையுமாம். தளியினின்று செல்லும் மாணவர் எழுதத்தக்கவை வேறு. பயிர் காக்கும் உழவன் தன் நிலத்தருகே விடுதி எழுவதை விரும்புவானா? வருவோர் தரும் பணத்தில் எத்துணை ஊருக்குள் தங்கும்? எக்காலத்தில் எச்சாலையை அடைத்தால் யானை தன் வழியே செல்லும்? இத்தகைய வினா ஒன்றனை ஊராரிடம் கேட்டு, ஆராய்ந்து, தம் சொல்லால் எழுதுவாராயின், அதனினும் சிறந்த நோக்கவுரை பிறிதில்லை. பரிந்துரைக் கடிதம் தருவோரும் மாணவரின் ஒழுக்கம் நன்று என்னும் ஒருவரியோடு நில்லாது, அவர் செய்த பணியைச் சுட்டி எழுதுதல் நலம்.

இக்கருத்திற்கு மறுப்புக்கள் இல்லாமலில்லை. செல்வர் களிப்பிற்கு ஏவல் செய்யவோ நாம் கற்பது என்பர் சிலர். ஓய்வு செல்வர்க்கு மட்டும் உரியதாகும்போதே இம்மறுப்பு வலிபெறும். ஆலைத் தொழிலாளியும் அவன் மக்களும் கட்டணமின்றி அமரத்தக்க பூங்கா ஒன்றனை ஓசூரில் அமைப்பதும் இக்கல்வியின் பணியே. வீண்பொழுது போக்குதல் கிறிஸ்தவ ஒழுக்கத்திற்கு ஏலாது என்பர் வேறு சிலர். ஆதியிலே மனிதன் தோட்டத்தில் வைக்கப்பட்டது அதனைப் பண்படுத்தவும் காக்கவுமே என்று நம் திருமறை கூறுகின்றது. உழைத்துக் களைத்த சீடரைத் தனியிடத்திற்குச் சென்று இளைப்பாறுமாறு ஆண்டவர் அழைத்ததையும் அது கூறுகின்றது. காத்தலும் இளைப்பாறுதலும் ஆகிய இரண்டையும் ஒருங்கே கற்பிக்கும் கல்வியை வீண் என்று தள்ளுதல் எங்ஙனம் கூடும்? ஆங்கிலப் புலமை போதாது என்பது மூன்றாம் மறுப்பு. அது மெய்யே. ஆனால் முயன்றால் ஈராண்டில் நீங்கும் குறை அது. ஊராரின் மொழியறியாக் குறையோ அத்துணை எளிதில் நீங்குவதன்று.

நம் கல்லூரிக்கு எம் வேண்டுகோள் இரண்டு. ஓசூர், தேன்கனிக்கோட்டை, தளிப் பக்கங்களினின்று வரும் மாணவர், தம் ஊரின் காடு, ஏரி, சந்தை, திருவிழா ஆகியவற்றை ஆராய்ந்து எழுதுதற்குத் தமிழ்த்துறை இடந்தருதல் வேண்டும். அவ்வெழுத்தே பின்னர் விண்ணப்பத்திற்கு வித்தாகும். வனத்துறையிலும் சுற்றுலாத்துறையிலும் பணிபுரியும் பழைய மாணவர், ஆண்டிற்கு ஒருமுறையேனும் வந்து இறுதியாண்டு மாணவரோடு உரையாடுதல் வேண்டும். இவ்விரண்டிற்கும் பெரும்பொருள் வேண்டுவதில்லை.

தளியின் எதிர்காலத்தை எவரேனும் வரையத்தான் போகின்றனர். சாலை எங்கே, விடுதி எங்கே, வேலி எங்கே என்பன ஏதோ ஒரு மேசையின்மீது முடிவாகும். அம்மேசையைச் சூழ்ந்து அமர்வோருள், கேழ்வரகு முற்றும் திங்களையும் யானை வரும் வழியையும் ஊராரின் மும்மொழிகளையும் அறிந்தவர் ஒருவரேனும் இருத்தல் வேண்டும். அவ்விருக்கைக்கு வழி விண்ணப்பத்தாள் ஒன்றில் தொடங்குகின்றது. தகுதியுடைய மாணவர் இவ்வாண்டே அதனை நிரப்புவாராக.