மழை விழும் நிலமெல்லாம் நீர்நிலம்

சிங்கப்பூரில் காத்தோங் வட்டாரத்தின் சிலோன் ரோட்டில் இருக்கும் ஸ்ரீ செண்பக விநாயகர் கோயிலின் வரலாறு ஒரு குளக்கரையில் தொடங்குகிறது. 1850களில் அங்கே கிடைத்த பிள்ளையாரை இலங்கைத் தமிழர் செண்பக மரத்தடியில் வைத்து வழிபட்டார்கள். இன்று அந்தப் பகுதி முழுவதும் வீடுகள். குளங்கள் தூர்ந்து ஊர் பெருத்த ஒரு சிறு தீவு குடிநீருக்கு எங்கே போகும்?

இந்தக் கேள்வியின் கடுமையை 1963 காட்டியது. வறட்சியால் அந்த ஏப்ரலில் வந்த தண்ணீர்ப் பங்கீடு மறு ஆண்டு பிப்ரவரி வரை நீடித்தது. 1965இல் நாடு தனித்து நின்றபோது குடிநீரின் பெரும்பகுதி மலேசியாவின் ஜோகூரிலிருந்தே வந்தது. நாளுக்கு 25 கோடி கேலன் எடுக்க உரிமை தரும் 1962ஆம் ஆண்டு ஒப்பந்தம் 2061இல் முடிகிறது.

காட்டை வேலியிட்டு நீரைக் காப்பது எந்த நாட்டுக்கும் தெரிந்த வழி. சிங்கப்பூரில் அதற்குப் போதுமான காடு இல்லை. எனவே மக்கள் குடியிருக்கும் நகரத்தையே நீர்ப்பிடிப்பு நிலமாக்கினார்கள். இந்நாட்டு நீர்க் கொள்கையின் ஆகப்பெரிய முடிவு இதுதான் என்பேன்.

சாக்கடை ஒரு வழியிலும் மழைநீர் வேறு வழியிலும் போய், ஆறுகளும் தூய்மையாக இருந்தால்தான் அது நடக்கும். 1977இல் பிரதமர் லீ குவான் இயூ, பத்தே ஆண்டுகளில் சிங்கப்பூர் ஆற்றையும் காலாங் படுகையையும் தூய்மையாக்கப் பணித்தார். பன்றிப் பண்ணைகள் மூடப்பட்டன, தெருக்கடைகள் அகன்றன, சுமார் 26,000 குடும்பங்கள் இடம்பெயர்ந்தன. இன்று நாம் குடிக்கும் நீரில் அவர்களின் இழப்பும் இருக்கிறது. மரினா அணைக்கட்டு திறந்தது 2008இல். காத்தோங்கை ஒட்டி ஓடும் கேலாங் ஆறும் இப்போது அந்த அணைக்கட்டு உருவாக்கிய நீர்த்தேக்கத்தில்தான் சேர்கிறது. 2011 முதல் தீவின் மூன்றில் இரண்டு பங்கு நிலம் நீர்ப்பிடிப்புப் பகுதி.

2003இல், கழிவுநீரைச் சுத்திகரித்துப் பெறும் புதுநீரும் 2005இல் கடல்நீர்ச் சுத்திகரிப்பும் வந்தன. இரண்டும் வறட்சிக்கு அஞ்சாதவை. ஆனால் மின்சாரம் கேட்பவை. ஒரு கன மீட்டர் கடல்நீரைக் குடிநீராக்கச் சுமார் 3.5 யூனிட் வேண்டும். நீர்த்தேக்கத்து நீருக்கு 0.2 யூனிட் போதும். மழையே நமக்கு ஆக மலிவான நீர்.

வீட்டுப் பயன்பாடு 2003இல் ஆளுக்கு நாளொன்றுக்கு 165 லிட்டர், 2023இல் 141. 2030க்குள் 130 ஆக வேண்டும் என்பது இலக்கு. 2061 வரும்போது யாரிடமும் கை நீட்டாமல் நிற்க, அணையும் ஆலையும் மட்டும் போதா. வீட்டுக் குழாயை அளவாகத் திறவுங்கள். வாசல் வடிகாலில் எதையும் கொட்டாதீர்கள். அது குடிநீருக்குப் போகும் வழி.