வானத்தில் பிரேக் இல்லாத வண்டிகள்!
மின்சார எந்திரம் கை கொடுக்குமா?

கே.கே. நகர் பி.டி. ராஜன் சாலையில் பிரேக் இல்லாத ஆட்டோவை விடுவாங்களா? போலீஸ்காரர் மடக்கிவிடுவார்!

ஆனால் நம் தலைக்கு மேலே சுற்றும் சின்னச் செயற்கைக் கோள்கள் பலவற்றில் எந்திரமே கிடையாது. எதிரே குப்பை வந்தால் விலக முடியாது. ஆயுள் முடிந்தால் நினைத்தபடி கீழே இறங்கவும் முடியாது.

இதற்கு ஒரு வழி மின்சார எந்திரம். அதற்கான சோதனை ஒன்று, நமக்கு வடக்கே ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து போன ராக்கெட்டில் நடந்தது.

சவாரி இறங்கியதும் அடுத்த வேலை

2024 ஜனவரி 1, காலை 9.10 மணி. பி.எஸ்.எல்.வி. சி-58 ராக்கெட் கிளம்பியது. எக்ஸ்போசாட் கோளை 650 கிலோ மீட்டர் உயரத்தில் விட்டது. வேலை முடிந்த கடைசி அடுக்கை இஸ்ரோ சும்மா விடவில்லை. 350 கிலோ மீட்டருக்கு இறக்கி, சோதனைக் கூடமாக்கியது.

அதில் பெங்களூர் பெல்லாட்ரிக்ஸ் கம்பெனியின் கருவியும் இருந்தது.

புளியங்கொட்டை கனம்!

இந்த எந்திரத்தின் சூட்சுமம் என்ன? செனான் வாயுவுக்கு மின்னேற்றம் கொடுத்து, வினாடிக்கு 10 கிலோ மீட்டருக்கும் மேலான வேகத்தில் பின்னால் துப்பும். ரசாயன எந்திரத்தில் இந்த வேகம் சுமார் 3 கிலோ மீட்டர்தான். அதனால் எரிபொருள் மிச்சம்.

ஆனால் சின்ன எந்திரம் தள்ளும் பலம் ஒரு புளியங்கொட்டையின் கனம்தான். காற்றில்லாத இடத்தில் மணிக்கணக்கில் தள்ளினால் அதுவே பாதையை மாற்றிவிடும்.

அடுப்பு பற்றியது, சோறு?

ஒன்றைக் கவனிக்க வேண்டும். இஸ்ரோ பட்டியல்படி அன்று சோதித்தது, சூடேற்றாமலே வேலை தொடங்கும் 'கேத்தோடு' என்ற உறுப்பு. காஸ் அடுப்புக்கு லைட்டர் மாதிரி. ஒரு மாதத்துக்குள் சோதனைகளின் நோக்கம் நிறைவேறியது.

லைட்டர் பற்றினால் மட்டும் சோறு வெந்துவிடாது. எந்திரம் நாள் கணக்கில் உழைக்க வேண்டும். பாயும் வாயு உள்சுவரையே அரிக்கும். அதனால்தான் இஸ்ரோ தன் பெரிய மின்சார எந்திரத்தைத் தரையிலேயே 1000 மணி நேரம் ஓட்டிப் பார்த்து, 2025 மார்ச்சில் முடிவைச் சொன்னது.

சோதனைக் கூடமாக இருந்த அடுக்கு, 2024 மார்ச் 21-ல் பசிபிக் கடல் பக்கம் விழுந்து ஒழிந்தது. வானத்தில் குப்பை மிச்சமில்லை.

இனி மொட்டை மாடியில் நின்று ராக்கெட் புகையைப் பார்க்கும்போது, எத்தனை கோள் போகிறது என்று மட்டும் கேட்காதீர்கள். எத்தனைக்கு பிரேக் இருக்கு என்றும் கேளுங்கள், சார்!