படம் வரைந்தது போதும், பாடம் நடத்துங்கள்!



சூன் 5 உலகச் சுற்றுச்சூழல் நாள். அன்று மும்பையில் நம் பிள்ளைகளின் பள்ளிகள் கோடை விடுமுறையில் பூட்டிக் கிடக்கும். பள்ளி திறந்த பிறகு ஏதோ ஒரு நாளில் அந்தக் கடமையைத் தீர்ப்பார்கள். ஒரு மரக்கன்று, ஒரு மாலை, ஒரு பேச்சாளர், பிள்ளைகளுக்கு ஓர் ஓவியப் போட்டி. பிள்ளை பச்சை வண்ணத்தில் மரம் வரைந்து, அடியில் "பூமியைக் காப்போம்" என்று எழுதும். பென்சில் பெட்டி பரிசு வாங்கும். மறுநாள் முதல் அந்தப் பேச்சே கிடையாது. நானும் இப்படிப்பட்ட மேடைகளில் ஏறிப் பரிசு கொடுத்தவன்தான். அந்தக் குற்றத்தை ஒப்புக்கொண்டே இதை எழுதுகிறேன்.

2005 சூலை 26-ஐ மறந்துவிட்டோமா? நான் வேலைக்குச் சேர்ந்த புதிது. டிக்கெட் கவுண்டரில் இருந்தேன். பிற்பகலில் தண்டவாளம் தண்ணீரில் மறைந்தது. வண்டிகள் நின்றன. இரவு முழுவதும் பயணிகளோடு நிலையத்திலேயே கிடந்துவிட்டு, மறுநாள் தாராவிக்கு நடந்தே வந்தேன். சந்துக்குச் சந்து அரிசியும் பாயும் ரேஷன் கார்டும் பிள்ளைகளின் புத்தகமும் சேற்றோடு சேறாகக் கிடந்தன. அன்று சாந்தாகுரூசில் 24 மணி நேரத்தில் பெய்த மழை 944 மில்லிமீட்டர். அதே நகரத்தின் தென்கோடியான கொலாபாவில் சுமார் 74 மில்லிமீட்டர்தான்! நகரின் பழைய வடிகால்களோ, வெள்ளைக்காரன் காலத்தில் மணிக்கு 25 மில்லிமீட்டர் மழைக்குக் கணக்குப் போட்டுக் கட்டியவை.

இருபது ஆண்டுகள் ஓடிவிட்டன. இன்று நம் சந்தில் ஐந்தாம் வகுப்புப் பிள்ளையைக் கூப்பிட்டு, "வெள்ளம் ஏன் வருகிறது?" என்று கேட்டுப் பாருங்கள். "நாம் பிளாஸ்டிக் பை போடுவதால்" என்று சொல்லும். பை அடைப்பது உண்மைதான். ஆனால் மித்தி ஆற்றை நெருக்கிக் கட்டியவர்கள் எங்கே? நிலக்கரியையும் எண்ணெயையும் எரித்து உலகத்தின் காற்றையே சூடாக்கியவர்கள் எங்கே? அவர்கள் பாடத்தில் இல்லை. குற்றவாளிக் கூண்டில் நிற்பது நம் பத்து வயதுப் பிள்ளை மட்டும்!

ஆணைகளுக்குப் பஞ்சமில்லை. சுற்றுச்சூழல் கல்வியைக் கட்டாயமாக்கச் சொல்லி 1991-லேயே உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2003-ல் மீண்டும் வலியுறுத்தியது. நடந்தது என்ன? பாடச்சுமையைக் குறைக்கிறோம் என்று 2022-ல் என்.சி.இ.ஆர்.டி. கைவைத்த இடங்களில் ஒன்று, ஏழாம் வகுப்பு அறிவியலில் இருந்த வானிலை, காலநிலை பற்றிய பாடம். மேலே இப்படி என்றால் கீழே யார் அக்கறைப்படுவார்கள்?

நாம் கேட்பது இன்னொரு புத்தகமோ இன்னொரு பரீட்சையோ அல்ல. இருக்கிற பாடங்களுக்குள்ளேயே இது வரட்டும் என்கிறோம்.

கணக்கு வகுப்பை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு கிலோமீட்டர் தண்டவாளம், வெப்பம் ஒரு டிகிரி ஏறினால் சுமார் 12 மில்லிமீட்டர் நீளப் பார்க்கும். 30 டிகிரி ஏறினால்? பெருக்கச் சொல்லுங்கள்: 36 சென்டிமீட்டர். நீள இடமில்லாமல் இறுகிய தண்டவாளம் வளைந்துகொள்ளும். அதனால்தான் உச்சி வெயிலில் கேங்மேன் பாதையோடு நடந்து பார்க்கிறார். பிள்ளைக்குப் பெருக்கலும் வரும், உழைப்பவரின் அருமையும் தெரியும். அடுத்து வகுத்தல்: எரிபொருள் எரிப்பதால் ஆண்டுக்கு ஓர் அமெரிக்கருக்குச் சராசரியாகச் சுமார் 14 டன் கரியமில வாயு, ஓர் இந்தியருக்குச் சுமார் 2 டன். எத்தனை மடங்கு? அந்த 2 டன்னிலும் தாராவிக்காரரின் பங்கும் மலபார் ஹில்காரரின் பங்கும் ஒன்றுதானா?

தமிழ் வகுப்பில் வான்சிறப்பை ஒப்பிக்க வைக்கிறோம். கடவுள் வாழ்த்துக்கு அடுத்தபடியாக வள்ளுவர் ஏன் மழையை வைத்தார் என்று எந்தப் பிள்ளையாவது கேட்டதுண்டா? ஆவணியும் புரட்டாசியும் கார்காலம் என்றார்கள் நம் முன்னோர். ஊரில் ஐப்பசியில் அடைமழை. இங்கே ஆனியிலேயே தொடக்கம். பாட்டியிடம் கேட்டு எழுதி வரச் சொன்னால் அதுவே கட்டுரை.

அறிவியலுக்கு ஒரு வெப்பமானி போதும். தகரக் கூரைக்குக் கீழே ஒரு வாரம், மர நிழலில் ஒரு வாரம் பிள்ளைகளே அளந்து எழுதட்டும். ஒரு நாள் மழை வானிலை, பல ஆண்டுக் கணக்கு காலநிலை என்ற வேறுபாடு அப்போது விளங்கும். ஒரு டிகிரி கூடினால் காற்று சுமார் 7 விழுக்காடு அதிக நீராவியைத் தாங்கும், அதனால் பெய்தால் கொட்டித் தீர்க்கும் என்பதும் விளங்கும். சமூக அறிவியலில் விகார், போவாய் ஏரிகளிலிருந்து மாகிம் வரை மித்தியின் வழியை வரையட்டும். விளையாட்டு ஆசிரியர் வெப்பத் தாக்குதலின் அறிகுறிகளைச் சொல்லட்டும்.

இது ஆகாத காரியமா? அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலம் 2020-ல் முடிவெடுத்து, 2022 முதல் மழலை வகுப்பிலிருந்தே பல பாடங்களிலும் இதைச் சேர்த்துவிட்டது. புகை விட்ட நாட்டுப் பிள்ளைக்குப் பாடம் உண்டு. தண்ணீரில் நிற்கும் நம் பிள்ளைக்கு இல்லையா?

"பிள்ளைகள் பயந்துவிடுவார்கள்" என்கிறார்கள் சிலர். முழங்கால் தண்ணீரில் இரவு முழுக்க நின்ற பிள்ளைக்குப் புதிதாக என்ன பயம்? காரணம் தெரியாத பயம்தான் கொல்லும். "இங்கிலீஷும் கம்ப்யூட்டரும் போதும்" என்கிறார்கள் வேறு சிலர். வெள்ளம் இங்கிலீஷ் தெரிந்தவன் வீடு என்று விலகிப் போகுமா? "ஆசிரியருக்கு ஏற்கெனவே சுமை" என்பது மட்டும் நியாயம். தேர்தல் வேலை, கணக்கெடுப்பு வேலை எல்லாம் அவர் தலையில்தான். ஆகவே தமிழில் ஆயத்தப் பாடக் குறிப்புகளும், வேலை நேரத்திலேயே பயிற்சியும் தரவேண்டியது மாநகராட்சியின் பொறுப்பு.

பெற்றோர்களே! 2009 கல்வி உரிமைச் சட்டப்படி மாநகராட்சிப் பள்ளிகளின் மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கு இடம் உங்களுடையது. அதில் போய் உட்காருங்கள். பள்ளிக்கு ஒரு வெப்பமானி, ஒரு மழைமானி, ஆசிரியருக்குத் தமிழ்க் குறிப்பேடு: இந்த மூன்றையும் தீர்மானமாக எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். தீர்மானத்தின் நகலைச் சங்கத்துக்கு அனுப்புங்கள். மாநகராட்சிக் கதவைத் தட்டுவது எங்கள் வேலை.

அடுத்த மழைக்குள் நம் பிள்ளை, பரிசு வாங்கும் கையால் மழையை அளக்கட்டும். அளக்கத் தெரிந்த பிள்ளை, நாளை கணக்கும் கேட்கும்!