உதவி என்றொரு சொல்

சிவகாசியில் நாங்கள் விளையாட்டுச் சாமானுக்கு யுத்தத்தின் பெயர் வைக்கிறோம். ஆட்டம் பாம், ராக்கெட் என்று லேபிள் அச்சடித்து ஒட்டுகிறோம். வாங்குகிற குழந்தைகூட இதில் ஏமாறுவதில்லை. இந்து மகாசமுத்திரத்தின் நடுவே, 1966 ஒப்பந்தப்படி பிரிட்டன் அமெரிக்க ராணுவத்துக்குத் திறந்துவிட்ட டீகோ கார்சியா தீவில் காரியம் நேர்மாறு. அங்கே யுத்தத்துக்குப் பணிவிடையின் பெயர். 1977லிருந்து அந்தத் தளம் ‘கடற்படை உதவி நிலையம்’.

‘இதெல்லாம் தினசரிக்காரன் விஷயம், நமக்குச் சொல்தான் முக்கியம்’ என்கிறார்கள் சிறுபத்திரிகை நண்பர்கள். சரி, சொல்லையே பார்ப்போம்.

1991ல் அங்கிருந்து பி-52 விமானங்கள் ஈராக் மீது குண்டு போடப் போயின. 4300வது குண்டுவீச்சுப் பிரிவு என்ற பெயரோடு ‘தற்காலிக’ என்ற அடைமொழியும் ஒட்டியிருந்தது. 2001ல் ஆப்கானிஸ்தான் மீது குண்டு போட வந்தது ‘பயண’ப் பிரிவு. வானிலேயே எரிபொருள் நிரப்பும் விமானங்கள், தகவல் தொடர்பு, தளவாடங்களோடு காத்து நிற்கும் கப்பல்கள் எல்லாம் ‘உதவி’. அங்கே யாரும் கொல்வதில்லை. ஒவ்வொருவரும் அடுத்தவருக்கு உதவுகிறார்கள், அவ்வளவுதான்.

1968க்கும் 1973க்கும் இடையில் சாகோஸ் தீவுகளிலிருந்து அப்புறப்படுத்தப்பட்ட ஜனங்களுக்கும் ஒரு சொல் தயாராக இருந்தது. தலைமுறைகளாக அங்கே பிறந்து செத்தவர்களை லண்டன் அதிகாரிகள் ‘ஒப்பந்தக் கூலிகள்’ என்று எழுதிக்கொண்டார்கள். கூலிக்கு ஏது சொந்த ஊர்? ஆக, அவர்களும் தற்காலிகம். நிரந்தரம் 12,000 அடி ஓடுபாதை மட்டும்.

2021 அக்டோபரில், பழுதான படகிலிருந்து மீட்கப்பட்ட 89 இலங்கைத் தமிழர்கள் அங்கே கொண்டுசேர்க்கப்பட்டார்கள். இதற்கும் பெயர் உதவிதான். வேலிக்குள் கூடாரம், வாசலில் காவல். குழந்தைகளுக்கும் அதேதான். பலருக்கு மூன்று வருஷத்துக்கு மேல் இதுவே வாழ்க்கை. இது சட்டவிரோதக் காவல் என்று 2024 டிசம்பரில் நீதிமன்றம் சொன்னது. அந்தத் தீவில் ஒரு சொல்லுக்கு அதன் அர்த்தத்தைத் திருப்பிக் கொடுத்தது ஒரு நீதிபதி. கவிஞன் அல்ல.

நாம் அப்போது என்ன செய்துகொண்டிருந்தோம்? கடலையும் வேலியையும் படிமமாக்கிக்கொண்டிருந்தோம். நிஜமான கடலில், நிஜமான வேலிக்குள், நம் பாஷையில் பேசிக்கொண்டிருந்தவர்களை நம் கவிதை தாண்டிப் போயிற்று. இதற்குப் பெயர் வடிவப் பிரக்ஞை அல்ல, சோம்பல்.

சொல்தான் முக்கியம் என்பவன் முதலில் செய்ய வேண்டியது லேபிளைக் கிழித்து, உள்ளே மருந்தா மண்ணா என்று பார்ப்பது. லேபிள் ஒட்டுகிற ஊர்க்காரன் சொல்கிறேன்.