சான்று பாஸ் ஆனால் எஞ்சின் சுத்தமாகிவிடுமா?

“எஞ்சினை எப்படி வேண்டுமானாலும் மாற்றிக்கொள், புகைச் சான்று பாஸ் ஆனால் போதும்.” கார் டியூனிங் செய்வோரின் இந்த வாசகத்தைச் சேலம், நாமக்கல் வட்டாரத்தில் பல ஆண்டுகளாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். அதிலும் சங்ககிரியில் கேட்கும்போது கோபம் கூடுகிறது. லாரியை நம்பி வாழும் ஊர் இது. எஞ்சினின் உள்ளும் புறமும் அறிந்த கைகள் தெருவுக்குத் தெரு உண்டு. அப்படிப்பட்ட ஊரிலேயே, டர்போ கார் வாங்கிய பையன்கள் இந்தப் பேச்சை நம்பி ரீமேப் (எஞ்சின் மென்பொருளின் மேப்பைத் திருத்துவது), டவுன்பைப் (டர்போவை ஒட்டிய புகைக்குழாய்) என்று பணத்தைக் கொட்டுகிறார்கள். இதற்குச் சொல்லப்படும் நியாயங்களை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதல் நியாயம்: “கேட்டலிடிக் கன்வெர்ட்டர் எஞ்சினின் மூச்சை அடைக்கிறது.” பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் பூசிய அந்தப் பகுதிதான் கார்பன் மோனாக்சைடையும் எரியாத எரிபொருளையும் நைட்ரஜன் ஆக்சைடுகளையும் தீங்கு குறைந்த வாயுக்களாக மாற்றுகிறது. அதைக் கழற்றினால் கிடைக்கும் சில குதிரைத்திறனுக்கு விலை கொடுப்பது பின்னால் ஸ்கூட்டரில் வருபவரின் நுரையீரல்.

இரண்டாவது: “லாரி விடாத புகையையா என் கார் விடுகிறது?” 2020 ஏப்ரல் 1-க்குப் பின் வந்த பிஎஸ்-6 மாசு விதிக்கு உட்பட்ட லாரியை ஓட்டுபவரிடம் போய் இதைச் சொல்லுங்கள். டீசலோடு சேர்த்து, நைட்ரஜன் ஆக்சைடைக் குறைக்கும் ஆட்ப்ளூ திரவத்துக்கும் காசு கொடுத்து ஊற்றி ஓட்டுகிறார் அவர். பிழைப்புக்கு வண்டி ஓட்டுபவர் சட்டத்துக்குக் கட்டுப்படுகிறார். பொழுதுபோக்குக்கு ஓட்டுபவர் அவரையே கைகாட்டித் தப்பிக்கப் பார்க்கிறார்.

மூன்றாவதுதான் எல்லாவற்றுக்கும் ஆணிவேர்: “சோதனையில் பாஸ் ஆகிறது, அப்படியென்றால் வண்டி சுத்தம்.” இதை நிதானமாகப் பிரித்துப் பார்க்க வேண்டும்.

புகைச் சோதனை நிலையத்தில் பெட்ரோல் காருக்கு என்ன நடக்கிறது? வண்டி நின்ற இடத்திலேயே ஐடிலில் ஓடுகிறது. சைலன்சரில் குழாயைச் செருகி, கார்பன் மோனாக்சைடு 0.3 சதவீதத்துக்குள், ஹைட்ரோகார்பன் 200 பிபிஎம்முக்குள் இருக்கிறதா என்று பார்க்கிறார்கள். சுமையே இல்லாமல் சுமார் 2,500 சுற்றில் ஓடவிட்டு எடுக்கும் அளவும் விதியில் உண்டு. நைட்ரஜன் ஆக்சைடை எந்தக் கட்டத்திலும் அளப்பதில்லை.

ரீமேப் வேலை செய்யும் இடமோ வேறு. ஐடிலில் எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினியான ஈசியு ஆக்சிஜன் சென்சாரைப் பார்த்து, ஒரு பங்கு பெட்ரோலுக்கு 14.7 பங்கு காற்று என்ற கணக்கை விடாமல் பிடித்துக்கொள்கிறது. டியூனர் அந்தப் பகுதியைத் தொடுவதில்லை. தொட்டால் வண்டி ஐடிலில் திணறும். ஆக்சிலரேட்டரை முழுதாக மிதிக்கும் இடத்தில்தான் அவர் டர்போ அழுத்தத்தைக் கூட்டுகிறார், பெட்ரோலை அதிகம் ஊற்றுகிறார், ஸ்பார்க் நேரத்தை முன்னே தள்ளுகிறார். பெட்ரோல் மிஞ்சினால் அதை எரிக்கக் கன்வெர்ட்டரில் ஆக்சிஜன் இருக்காது; கார்பன் மோனாக்சைடு அப்படியே வெளியேறும். எரிப்பின் வெப்பம் கூடினால் நைட்ரஜன் ஆக்சைடு பெருகும். இவை எல்லாம் நடப்பது சேலம்–கோவை நெடுஞ்சாலையில், மிதி அடிவரை அழுந்தியிருக்கும்போது. நின்ற வண்டியில் குழாயைச் செருகியவருக்கு இவற்றில் ஒன்றுகூடத் தெரியாது.

டீசல் காரில் நிலைமை இன்னும் மோசம். அங்கே அளப்பது புகையின் கருமையை மட்டும். இஜிஆர் வால்வு கொஞ்சம் புகையை எஞ்சினுக்கே திருப்பி அனுப்பி எரிப்பின் வெப்பத்தைக் குறைக்கிறது; நைட்ரஜன் ஆக்சைடு அடங்குவது அதனால்தான். தகடு வைத்து அதை அடைத்தால் நைட்ரஜன் ஆக்சைடு எகிறும், கரி குறையும். கருமையை மட்டும் அளக்கும் கருவி அந்த வண்டிக்கு முன்பைவிட நல்ல மதிப்பெண் போடும்! கண்ணுக்குத் தெரியாத அந்த வாயு வெயிலில் வேதிவினை புரிந்து தரைமட்ட ஓசோனாகிறது. நம் சமவெளியில் வெயிலுக்குக் குறைவில்லை.

சோதனையில் பாஸ், சாலையில் நஞ்சு என்ற வித்தையை உலகம் ஏற்கெனவே பார்த்துவிட்டது. ஆய்வகச் சோதனை நடப்பதை அறிந்து அப்போது மட்டும் அடக்கமாக ஓடும் மென்பொருளை ஃபோக்ஸ்வாகன் தன் டீசல் கார்களில் வைத்திருந்ததை 2015 செப்டம்பரில் அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை அம்பலப்படுத்தியது. சாலையில் அந்தக் கார்கள் வரம்பைப்போல் 40 மடங்கு வரை நைட்ரஜன் ஆக்சைடு விட்டன. இந்தியாவிலும் அதே ஆண்டு டிசம்பரில் 3,23,700 கார்களைத் திரும்ப அழைப்பதாக அந்த நிறுவனம் அறிவித்தது. “சோதனைக்கு முன்னால் பழைய மேப்பை ஏற்றிக்கொள், முடிந்ததும் மாற்றிக்கொள்” என்று ஒரு டியூனர் சொல்லும்போது அவர் கற்றுக்கொடுப்பது இதே மோசடியைத்தான். உலகம் முழுவதும் குற்றம் என்று தண்டித்த ஒன்று நம் பட்டறையில் மட்டும் எப்படித் திறமை ஆகும்?

சான்றையே முழுதாக நம்பவும் வழியில்லை. வரம்பை மீறிய வண்டிகளுக்கும் சான்று கொடுக்கப்பட்டிருந்ததை டெல்லியில் தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் (சிஏஜி) தணிக்கை கண்டுபிடித்தது. அந்த அறிக்கை 2025-ல் சட்டமன்றத்தில் வைக்கப்பட்டது. இந்தக் காகிதத்தைத்தான் இவர்கள் அத்தாட்சி என்று நீட்டுகிறார்கள்.

நான்காவது: “என் வண்டி, என் காசு.” மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு அப்படிச் சொல்லவில்லை. பதிவுச் சான்றில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் குறித்த அளவிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக்கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் உறுதி செய்தது. அதே ஆண்டு வந்த திருத்தம், அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை என்கிறது. காற்று மாசு வரம்பை மீறினால் அது தனிக் குற்றம். 10,000 ரூபாய் வரை அபராதம் உண்டு.

ஐந்தாவது: “வெளிநாட்டில் எல்லோரும் செய்கிறார்களே!” செய்கிறார்கள், எப்படி என்று பாருங்கள். கார் மோகத்துக்குப் பேர்போன கலிஃபோர்னியாவில், மாசைக் கூட்டாது என்று சோதித்து மாநிலக் காற்று வாரியம் ஆணை எண் கொடுத்த பாகத்தை மட்டுமே சாலை வண்டியில் மாட்டலாம். 2021 ஜூலை முதல் அங்கே புகைச் சோதனையிலேயே ஈசியு மென்பொருள் திருத்தப்பட்டிருக்கிறதா என்றும் பார்க்கிறார்கள். அந்த ஊர் டவுன்பைப்பை இறக்குமதி செய்பவர்கள் அந்த ஊர்ச் சட்டத்தை மட்டும் துறைமுகத்திலேயே விட்டுவிட்டு வருகிறார்கள்.

வேகத்தில் ஆசை வைப்பது தப்பில்லை. கோவை கார் பந்தயத்தின் முன்னோடி கரிவரதன் பெயரில் செட்டிபாளையத்தில் கரி மோட்டார் ஸ்பீட்வே இருக்கிறது. திருத்திய எஞ்சினின் வீரத்தை அங்கே காட்டலாம். சாலையில் ஓட வேண்டுமென்றால், சிஎன்ஜி கிட்டுக்கு இருப்பதுபோல் அங்கீகரித்த பாகம், ஆர்சி புத்தகத்தில் பதிவு என்ற வழி டியூனிங்குக்கும் வேண்டும் என்று அரசிடம் கேளுங்கள். புகைச் சோதனை நிலையத்தில் ஈசியுவின் தகவலைப் படிக்கும் ஓபிடி ஸ்கேனரையும் செருகி, ஈசியு மென்பொருளைச் சரிபார்க்கும் முறையைக் கொண்டுவரட்டும். டியூனிங் தொழிலில் நேர்மையாக இருப்பவர்கள் இதை முதலில் வரவேற்க வேண்டும். மறுப்பவர்கள் எதை விற்றுப் பிழைக்கிறார்கள் என்பதை வாடிக்கையாளர்கள் அப்போதாவது புரிந்துகொள்வார்கள்.